வேன் இழுக்கவில்லை, டர்போதான் காரணமா?

கேள்வி: ஐயா, மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் பக்கம் இருக்கிறேன். என்னிடம் 2012 மாடல் டர்போ டீசல் வேன் இருக்கிறது. 12 சீட்டு, மேக்சி கேப் பர்மிட், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வார நாட்களில் ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் டிரிப், சனி ஞாயிறில் மேல்மருவத்தூர், திருவண்ணாமலை என்று ஓடும். போன மழைக்குப் பிறகு பிக்கப் குறைந்துவிட்டது. காலி வண்டியில் ஒன்றும் தெரியவில்லை. ஆள் ஏறிவிட்டால் பெருங்களத்தூர் பாலம் ஏற மூன்றாவது கியருக்கு இறக்க வேண்டியிருக்கிறது. அப்போது பின்னால் கறும்புகை அடிக்கிறது, முன்னால் 'உஸ்' என்று ஒரு சத்தம் வருகிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் 70-ஐத் தாண்ட அடம்பிடிக்கிறது. சில நாள் செக் லைட்டும் எரிகிறது. ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் அணைந்துவிடும். இன்ஜின் ஆயில் குறையவில்லை. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டும் மாற்றியாகிவிட்டது. ஒரு மெக்கானிக் பைப்பைக் கழற்றிப் பார்த்து, "உள்ளே ஆயில் நிக்குது, டர்போ போச்சு, புதுசுதான் போடணும்" என்கிறார். இன்னொருவர் பம்பையும் இன்ஜெக்டரையும் இறக்கச் சொல்கிறார். இரண்டுமே பெரிய செலவு. எஃப்.சி. வேறு நெருங்குகிறது, ஏற்காடு டிரிப்புக்கு அட்வான்ஸும் வாங்கிவிட்டேன். யார் சொல்வதைக் கேட்பது?
- வேன் உரிமையாளர், முடிச்சூர்

பதில்: இப்போதைக்கு இருவர் சொன்னதையும் ஓரமாக வையுங்கள். டர்போ வாங்க வேண்டாம், பம்பை இறக்கவும் வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. ஆள் ஏறினால் மட்டும் இழுவை குறைகிறது, அப்போது கறும்புகை, கூடவே 'உஸ்' சத்தம், ஆயில் குறையவில்லை. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் போகிற ரப்பர் ஹோஸைத்தான். டர்போ விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு.

புகையின் நிறத்தைக் கவனியுங்கள். கறும்புகை என்றால் டீசல் இறங்குகிறது, அதை எரிக்கப் போதுமான காற்று இல்லை என்று பொருள். ஃபில்டர் அடைப்பாலோ பம்பின் பலவீனத்தாலோ டீசல் போதாமல் போனால் வண்டி இழுக்காது. ஆனால் பின்னால் புகையும் இருக்காது. ஒழுகும் இன்ஜெக்டரும் கறும்புகை விடும் என்பது உண்மை. ஆனால் அது காலையில் ஸ்டார்ட் செய்யும்போதே தெரியும், ஐட்லிங்கில் தடதடப்பு இருக்கும், 'உஸ்' சத்தம் மட்டும் வராது. அதனால் பம்பை இறக்கச் சொன்னவரின் யோசனை வரிசையில் கடைசிக்குப் போகட்டும்.

டர்போ செய்கிற வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைலன்சருக்குப் போகும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம், ஏர் ஃபில்டர் வழியாகக் காற்றை இழுத்து, அமுக்கி இன்ஜினுக்கு அனுப்புகிறது. முழு இழுவையில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அமுக்கினால் காற்று சூடாகிவிடும் என்பதால் அதை இன்டர்கூலரில் குளிரவைத்துப் பிறகே மேனிஃபோல்டுக்குள் விடுகிறார்கள். ஆல்ஃபிரட் பூஹி என்ற சுவிஸ் பொறியாளர் 1905-இல் காப்புரிமை எடுத்த ஏற்பாடு இது. அடிப்படை இன்றும் மாறவில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியில் தொடங்கி சைலன்சர் வால் வரை நீள்கிற ஒரே பாதையின் நடுவில் டர்போ உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாதையில் எங்கே ஓட்டை விழுந்தாலும், எங்கே அடைத்துக்கொண்டாலும், ஓட்டுகிறவருக்குத் தெரிவது பிக்கப் இல்லை என்பது மட்டும்தான். ஒர்க்‌ஷாப்பில் பழி டர்போ தலையில் விழுகிறது.

அடுத்து, பைப்புக்குள் ஆயில் நின்ற கதை. டர்போவுக்கு எதிராகச் சொல்லப்படும் சாட்சிகளில் அடிக்கடி வருவதும் நம்பத் தகாததும் இதுதான். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடாமல், ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள பைப்பிலேயே சேர்க்கும் பிரீதர் ஹோஸ் பெரும்பாலான டர்போ டீசல் வண்டிகளில் உண்டு. அந்த ஆவியோடு வரும் ஆயில் பைப்புச் சுவரில் படியும். விரலை விட்டால் வழவழவென்று ஒட்டுகிற அளவு ஆயில், இத்தனை வருடம் ஓடிய வண்டியில் சகஜம். பைப்பைக் கவிழ்த்தால் ஊற்றுகிறது, இன்டர்கூலர் அடியில் தேங்கி நிற்கிறது, டிப்ஸ்டிக்கில் அளவு இறங்கிக்கொண்டே வருகிறது, பின்னால் நீலப்புகை என்றெல்லாம் இருந்தால்தான் டர்போவின் ஆயில் சீலைச் சந்தேகிக்க வேண்டும். உங்களுக்கு ஆயில் குறையவில்லை. அந்த மெக்கானிக்கிடம் இதை மட்டும் கேளுங்கள்: சீல் போயிருந்தால் ஆயில் ஏன் குறையவில்லை?

இனி ஹோஸ். இன்ஜின் ஆறிய பிறகு, டர்போவிலிருந்து காற்று வெளியேறும் வாயில் தொடங்கி இன்டர்கூலர் வரை, அங்கிருந்து மேனிஃபோல்டு வரை, கையால் தடவிக்கொண்டே போங்கள். கண்ணால் பார்த்தால் போதாது. கிழிசல் மேலே இருக்காது. அடிப்புறத்தில், இன்ஜின் குலுங்கும்போது உரசும் இடத்தில், அல்லது கிளாம்ப் விளிம்பில்தான் இருக்கும். ஹோஸை அழுத்தி வளைத்தால்தான் வாய் திறக்கும். ஐட்லிங்கில் அந்த வெட்டு மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும்; உள்ளே அழுத்தம் ஏறும்போதுதான் பிளந்து காற்றை விடும். காலி வண்டியில் தெரியாதது ஆள் ஏறினால் தெரிவதும், பாலம் ஏறும்போது மட்டும் 'உஸ்' கேட்பதும் இதனால்தான். ஓட்டை எங்கே என்பதைப் பெரும்பாலும் அழுக்கே காட்டிக்கொடுத்துவிடும். வெளியேறும் காற்றோடு ஆயில் ஆவியும் வந்து படிய, அதில் புழுதி ஒட்டி, கறுப்பாக ஈரத் திட்டு ஒன்று நிற்கும். படப்பை, ஒரகடம் சாலையில் எம்-சாண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஓடுகிற வண்டிக்குப் புழுதிப் பஞ்சம் கிடையாது.

டர்போவுக்கு முந்தைய பைப்பையும் விட்டுவிடாதீர்கள். அதில் அழுத்தம் இல்லை, உறிஞ்சல்தான். பழைய பைப்பின் உள் அடுக்கு பிரிந்து தொங்கினால், இன்ஜின் வேகமெடுக்கும்போது அது உள்ளே இழுபட்டுப் பாதையை அடைத்துக்கொள்ளும். நின்றால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வெளியிலிருந்து எத்தனை தடவை பார்த்தாலும் தெரியாது. கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். இன்டர்கூலரில் உலோகக் கூட்டோடு பிளாஸ்டிக் தொட்டி சேரும் மடிப்பையும் பாருங்கள். கல் பட்டும், வெயிலில் காய்ந்தும் அங்கே விரிசல் விடும்.

தடவிப் பார்த்தும் சிக்கவில்லையென்றால் காற்று அடித்துச் சோதிக்கலாம். ஹார்டுவேர் கடையில் டர்போவின் வாய் அளவுக்கு ஒரு பி.வி.சி. எண்ட் கேப், பஞ்சர் கடையில் ஒரு டியூப்லெஸ் டயர் வால்வு. கேப்பில் துளையிட்டு வால்வைப் பொருத்தினால் கருவி தயார். பிரீதர் ஹோஸ் வந்து சேரும் இடத்துக்கு முன்னால் வைக்காதீர்கள். டர்போவின் வாயிலேயே அதைப் பொருத்தி இறுக்குங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும். சாவி வெளியே, கியர் நியூட்ரலில். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் இருக்கும் அழுத்தம் இதற்கு மிக அதிகம். அதனால் ரெகுலேட்டர் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 15 பி.எஸ்.ஐ.-யோடு நிறுத்திவிடுங்கள். அது ஏறத்தாழ 1 பார். இந்த வகை வேன்களில் முழு இழுவையில் டர்போ கொடுப்பதும் அதையொட்டித்தான் இருக்கும். கேப் பிடுங்கிக்கொண்டு பறக்கக்கூடும், எதிரில் முகத்தை நீட்டாதீர்கள். பிறகு சோப்புத் தண்ணீரை ஹோஸ் நெடுகத் தெளித்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை பொங்கும். காற்று முழுக்க நிற்காது. திறந்திருக்கும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் கொஞ்சம் போகும். ஆயில் மூடிப் பக்கம் மெல்லிய சீறல் கேட்டால் பதற வேண்டாம்.

ஹோஸ்தான் என்று தெரிந்தால் அதே வண்டிக்குரிய டர்போ ஹோஸையே வாங்கிப் போடுங்கள். ரேடியேட்டர் ஹோஸை அளவுக்கு வெட்டி மாட்டிவிடுவது நம் ஊரில் நடக்கிற வேலை. ஆயில் ஆவியில் அது ஊறி, உப்பி, சீக்கிரமே மறுபடி கிளாம்பிலிருந்து கழன்று வரும். சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டுவது வழியில் நின்றால் வீடு வந்து சேர்வதற்கு மட்டும். கிளாம்பையும் புதிதாகப் போடுங்கள். பழைய கிளாம்பை உயிரைக் கொடுத்து முறுக்கினால் அது புது ஹோஸை அறுக்கும்.

அடுத்த சந்தேகம் மெல்லிய ஹோஸ். டர்போவின் பக்கத்தில் டப்பா போன்ற ஒன்று, அதிலிருந்து ஒரு கம்பி, அதுதான் ஆக்சுவேட்டர். அதற்குப் போகும் சிறு ஹோஸ் எங்கிருந்து வருகிறது என்று பின்தொடருங்கள். டர்போவின் காற்றுப் பக்கத்திலிருந்தே நேராக வந்தால் அது அழுத்தத்தில் திறக்கும் வேஸ்ட்கேட். அந்த ஹோஸ் அறுந்தால் பூஸ்ட் குறையாது. வேஸ்ட்கேட் திறக்காமல் போய் அளவுக்கு மீறி ஏறும். ஹோஸ் ஒரு சொலினாய்டு வழியாக வேக்கும் பம்புக்குப் போனால் அது வேறு வகை. பெரும்பாலும் உள்ளே இறக்கைகள் நகரும் வி.ஜி.டி. டர்போவாக இருக்கும். அங்கே ஹோஸ் வெடித்தால் இறக்கைகள் திறந்தபடி நின்று, டர்போ இருந்தும் இல்லாத வண்டியாகிவிடும். ஒரே அளவு ஹோஸ், ஒரே மாதிரி வெடிப்பு. வண்டியில் தெரியும் கோளாறு நேரெதிர். எந்த வகை என்று பார்க்காமல் ஆக்சுவேட்டரை மாற்றச் சொல்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

வேக்கும் வகையென்றால் கையால் இயக்கும் வேக்கும் பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்துப் பாருங்கள். கம்பி தடங்கலில்லாமல் நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் உள்ளே டயஃப்ரம் கிழிசல். நகரவே மறுத்தால், அல்லது பாதியில் முரண்டுபிடித்தால், இறக்கைகள் கரி படிந்து இறுகியிருக்கின்றன. கரியென்றால் டர்போவின் புகைப் பக்கத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்க்கலாம்; புது டர்போ வரை போக வேண்டியதில்லை.

கோளாறு மழைக்குப் பிறகு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மழை பிடித்தால் உங்கள் பக்கம் வளைகளில் தண்ணீர் புகுந்து எலிகள் மேலே வரும், இரவில் சூடு ஆறாத இன்ஜின் மேல் வந்து படுக்கும், மெல்லிய ரப்பர் ஹோஸைக் கடிக்கும். கடித்த இடத்தில் மீன் தொட்டி டியூபைச் செருகியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். இன்ஜின் சூட்டில் அது இளகி ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் புறநகர் முழுக்கத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. விற்கிறவர் அதைச் சொல்ல மாட்டார். சொலினாய்டின் கனெக்டரையும் மேனிஃபோல்டு பிரஷர் சென்சாரின் கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள். பின்களில் பச்சை பூத்திருந்தால் செக் லைட் வந்து வந்து போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். பின் அரித்துப்போயிருந்தால் கனெக்டரையே மாற்றுங்கள்.

வேக்கும் பற்றிப் பேசும்போது பிரேக்கையும் சொல்ல வேண்டும். இந்த வேன்களில் பலவற்றில் பிரேக் பூஸ்டருக்கும் டர்போ ஆக்சுவேட்டருக்கும் வேக்கும் ஒரே பம்பிலிருந்துதான் வருகிறது. பிக்கப் குறைந்த அதே சமயத்தில் பிரேக் பெடலும் கெட்டியாகியிருந்தால், பம்போ பெரிய வேக்கும் ஹோஸோ பலவீனம். அப்படியென்றால் அது சரியாகும் வரை டிரிப் எடுக்காதீர்கள். ஏற்காடு அட்வான்ஸைப் பற்றிக் கேட்டீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் 12 பேரோடு இறங்கும்போது பிரேக்குக்கு வேக்கும் போதவில்லை என்று தெரியவருவது விபரீதம். பெடல் சரியாக இருந்து, கோளாறு பூஸ்டில் மட்டும்தான் என்றாலும் சரிசெய்துவிட்டே மலையேறுங்கள். மேலே போகப் போகக் காற்றே மெலிதாகும். அந்தக் குறையை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், ஏற்கெனவே ஓட்டை இருந்தால் அதன் எல்லையையும் தாண்டும்.

ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போவதானால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். முதலாவது, பெரும்பாலான ஸ்கேனர்களில் மேனிஃபோல்டு பிரஷர் என்று காட்டும் எண்ணில் வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்ந்தே இருக்கும். தாம்பரம் கடல் மட்டத்தை ஒட்டிய ஊர். சாவியைப் போட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் 100 கிலோபாஸ்கல் அளவில் காட்ட வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் அதே சென்சார் 85-ஐ ஒட்டிக் காட்டும். இங்கேயே இன்ஜின் ஓடாதபோது 80 என்றோ 120 என்றோ காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது, மேலே போக வேண்டாம். சரியாகக் காட்டினால், முழு இழுவையில் 200-ஐ நெருங்குகிறதா என்று பாருங்கள். 200 என்பது 1 பார் பூஸ்ட். 130-லேயே நின்றுவிட்டால் காற்று எங்கோ போகிறது.

இரண்டாவது, நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்து, "பூஸ்ட் வரலை பாருங்க" என்பவரை நம்பாதீர்கள். சுமை இல்லாமல் சுற்றும் இன்ஜினின் புகையில் டர்போவைச் சுழற்றப் போதிய சக்தி இருக்காது. நல்ல டர்போகூட அப்போது கொஞ்சம்தான் காட்டும். ஞாயிறு விடியற்காலை, வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வண்டலூர் - கேளம்பாக்கம் சாலைப் பக்கம் போங்கள். மூன்றாவது கியரில் 1,500 ஆர்.பி.எம்.மிலிருந்து முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்து 3,000 வரை ஏற்றுங்கள். ஸ்கேனரைப் பக்கத்துச் சீட்டில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் பார்க்காதீர்கள். இன்ஜின் கம்ப்யூட்டர் கேட்கும் பூஸ்டும் உண்மையில் வரும் பூஸ்டும் தனித்தனியாகக் காட்டினால் இன்னும் நல்லது. பி-0299 என்ற கோடு வந்தால் பூஸ்ட் குறைவு, பி-0234 வந்தால் அதிகம். கோடு வந்தது என்பதற்காக டர்போ போய்விட்டதென்று ஆகாது. கம்ப்யூட்டருக்கு அழுத்தம்தான் தெரியும், ஹோஸ் கிழிந்ததும் எலி கடித்ததும் தெரியாது. செக் லைட் அணைந்ததும் பிக்கப் திரும்புகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. திரும்பினால், கம்ப்யூட்டரே பயந்து சக்தியைக் குறைத்திருக்கிறது. ஆக்சுவேட்டர், சொலினாய்டு பக்கம் தேடுங்கள். லைட் அணைந்த பிறகும் அதே சோம்பல்தான் என்றால் ஹோஸ் பக்கம்.

ஹோஸும் ஆக்சுவேட்டரும் குற்றமற்றவை என்று ஆனால், மிச்சம் இரண்டு இடம். இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நின்றால், எரிந்த புகையே மறுபடி இன்ஜினுக்குள் போய்க் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; கறும்புகையும் மந்தமும் ஹோஸ் கிழிசலைப் போலவே இருக்கும், 'உஸ்' மட்டும் இருக்காது. கழற்றிச் சுத்தம் செய்யலாம். தகடு வைத்து அடைத்துவிடச் சொல்வார்கள். அது சட்டப்படியும் தவறு, செக் லைட்டும் விடாது. இன்னொன்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் குறைந்தால், மேனிஃபோல்டும் இன்ஜின் ஹெட்டும் சேரும் இடத்தில் கரிக்கோடு தெரிகிறதா பாருங்கள். டர்போவைச் சுற்ற வேண்டிய புகை அங்கே கசிகிறது.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் பூஸ்ட் இல்லை என்றால்தான் டர்போவைப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஆறி, சாவி எடுத்த பிறகு, காற்று உள்ளே வரும் ஹோஸைக் கழற்றினால் சக்கரம் தெரியும். விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லேசான ப்ளே இருக்கும். தண்டு ஆயில் படலத்தில் மிதக்கும்படி அமைக்கப்பட்டது என்பதால் அது இருந்தே தீரும். அதைக் காட்டி "ப்ளே இருக்கு, மாத்திடலாம்" என்று சொல்வார்கள். இறக்கை சுவரில் உரசுகிறதா என்பதையும், தண்டை முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரிகிறதா என்பதையும் பாருங்கள். முன்பின் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. இறக்கை முனைகள் தேய்ந்தோ சிதைந்தோ இருந்தால் ஏர் ஃபில்டர் வழியாக ஏதோ உள்ளே போயிருக்கிறது. ஹோஸைக் கழற்றிய நிலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து கை வைக்கிற வேலை மட்டும் வேண்டாம், விரல் போய்விடும்.

சீல் உண்மையிலேயே போன வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. டீசல் இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தானாக வேகமெடுத்துவிடும். சாவியை ஆஃப் செய்தாலும் நிற்காது. அப்படி ஆனால் பயந்து இறங்கி ஓடாதீர்கள். வண்டி ஓட்டத்தில் இருந்தால் முதலில் பிரேக் போட்டு நிறுத்துங்கள். பிறகு பெரிய கியரைப் போட்டு, பிரேக்கைக் கெட்டியாக மிதித்தபடி கிளட்சை விட்டால் இன்ஜின் திணறி நின்றுவிடும்.

டர்போ தேய்ந்துதான் போயிருக்கிறது என்றால், புதிது பூட்டும் முன் பழையது ஏன் போனது என்று கண்டுபிடித்தாக வேண்டும். பத்தில் எட்டு என்று கணக்குச் சொல்ல மாட்டேன்; ஆனால் காரணம் பெரும்பாலும் ஆயில்தான். டர்போவுக்கு ஆயில் வரும் மெல்லிய பைப் சூட்டில் கரி பிடித்துச் சுருங்கும். ஆயில் மாற்றத் தவறினால் இன்னும் சீக்கிரம் சுருங்கும். டர்போவிலிருந்து ஆயில் கீழே திரும்பும் பைப் அடைத்தாலும், பிஸ்டன் ரிங் தேய்ந்து 'பேக் கம்ப்ரஷன்' அடித்தாலும், ஆயில் கீழே போக வழியின்றி சீல் வழியாக வெளியேறும். இந்த இரண்டு நிலையிலும் புது டர்போவும் ஆயில் விடும், கடைக்காரர் மேல் கோபம்தான் மிஞ்சும். அதனால் ஆயில் வரும் பைப்பைப் புதிதாகப் போடுங்கள். திரும்பும் பைப்பைச் சுத்தம் செய்யுங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பைப் சேரும் இடத்தில் கேஸ்கெட்டுக்குப் பதில் பேஸ்ட் தடவ விடாதீர்கள். பிதுங்கி உதிரும் துணுக்கு நேராக ஆயில் வழியில் போய் உட்காரும். டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயில் ஊற்றி, இன்ஜினை ஸ்டார்ட் ஆகவிடாமல் கிராங்க் செய்து ஆயில் ஏறிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். வறண்ட தண்டு முதல் நிமிடத்திலேயே அடிபட்டுவிடும்.

டர்போ மேல் ஒரு சிறு தகடு இருக்கும். அதிலுள்ள பார்ட் நம்பர்தான் அதன் அடையாளம். ஒரே இன்ஜினுக்கு வருடத்தைப் பொறுத்து வேறு வேறு டர்போ வரும் என்பதால் வண்டி பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், நம்பரைச் சொல்லி வாங்குங்கள். டர்போ என்றாலே வெளிநாட்டுப் பொருள் என்று நினைப்பவர்கள் உண்டு. 1982-இல் தொடங்கிய டர்போ எனர்ஜி நிறுவனம் தமிழ்நாட்டிலேயே டர்போ தயாரிக்கிறது. அதன் ஆலைகளில் ஒன்று ஓ.எம்.ஆரில், பையனூரில் இருக்கிறது. தகட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்தத் தயாரிப்பாளரின் அங்கீகார டீலரிடமே விசாரிப்பது நல்லது.

எஃப்.சி. விஷயம். புகைச் சோதனையில் டீசல் வண்டிக்கு வரம்பு, பி.எஸ். 4 என்றால் 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு, அதற்கு முந்தையது என்றால் 65. உங்கள் வண்டி எது என்று ஆர்.சி.யில் பாருங்கள். சோதனைக்கு முந்தின நாள் பம்பில் டீசலைக் குறைத்துவிட்டு, சான்றிதழ் வாங்கியதும் மறுபடி கூட்டும் தந்திரம் இருக்கிறது. ஹோஸை மாற்றுவது அதைவிடச் சுலபம், இழுவையும் திரும்பும்.

கேள்வி: நீண்ட தூரம் ஓடி வந்தால் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்ட பிறகுதான் ஆஃப் செய்ய வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
- ஓட்டுநர், சேலையூர்

பதில்: காரணம் உண்மை, ஐந்து நிமிடம் அதிகம். முழு இழுவையில் வந்த டர்போ பழுக்கச் சூடாக இருக்கும். அந்த நிலையில் இன்ஜினை நிறுத்தினால் ஆயில் ஓட்டம் நின்று, தேங்கிய ஆயில் கரியாகும். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நேராக ஹோட்டல் வாசலில் நிறுத்துகிறீர்கள் என்றால் ஒரு நிமிடம் விடுங்கள். தாம்பரத்தில் வீடு என்றால் கடைசி இரண்டு கிலோமீட்டர் நீங்கள் நினைத்தாலும் வேகமாக வர முடியாது, டர்போ அதற்குள் ஆறிவிடும். நேராக ஆஃப் செய்யலாம். கம்பெனி வாசலில் ஏ.சி. போட்டு ஒரு மணி நேரம் ஐட்லிங்கில் தூங்குவதுதான் கெடுதல். அது ஆயிலையும் கெடுக்கும், இ.ஜி.ஆரில் கரியும் ஏற்றும். ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்ஸிலேட்டரை உறுமவிடுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். ஆயில் மேலே ஏறச் சில விநாடி ஆகும்.

கேள்வி: புதுப்பேட்டையில் பழைய டர்போ பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கிப் போடலாமா?
- வாசகர், மாடம்பாக்கம்

பதில்: எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த இன்ஜின் ஏன் பிரிக்கப்பட்டது என்று கடைக்காரருக்கே தெரியாத பொருள் அது. டீசலில் கழுவிப் பளபளவென்று வைத்திருப்பதால் உள்ளே என்ன நிலைமை என்பதும் தெரியாது. உங்கள் பழைய டர்போவின் கூடு விரிசல் இல்லாமல் இருந்தால், உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பேலன்ஸ் செய்த அறிக்கையும் பில்லும் வாரன்டியும் கேளுங்கள். தர மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். பழையதுதான் முடியும் என்றால் மேலே சொன்னபடி பார்ட் நம்பர் பாருங்கள், முன்பின் ஆட்டம் பாருங்கள், இரண்டு பக்கச் சக்கரங்களின் இறக்கை முனைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள், ஆக்சுவேட்டர் கம்பி நகர்கிறதா என்று பாருங்கள். கூடவே வரும் பழைய ஆயில் பைப்பை அங்கேயே விட்டுவிட்டு, புதிது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.